மன்னிப்புக் கேட்கும் நாள்

பன்னா போனை மறுபடியும் சார்ஜில் போட்டாள். இனி எனக்கு வேண்டாம், வயிறு நிறைந்துவிட்டது என்று அது காலையிலேயே சொல்லிவிட்டது. இருந்தாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. வருஷத்தில் இந்த ஒரு நாள் போன் அணைந்துபோனால் அதைவிடப் பெரிய பாவம் வேறில்லை.

இன்று சம்வத்சரி. அகமதாபாத் பால்டி பக்கத்து ஜைன வீடுகளில் இன்றைக்கு அடுப்பும் கிடையாது, வேறு பேச்சும் கிடையாது. 'மிச்சாமி துக்கடம்' ஒன்றுதான். தெரிந்தோ தெரியாமலோ மனசைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்துவிடுங்கள். மருமகள் மாமியாரிடம் கேட்பாள், குமாஸ்தா முதலாளியிடம் கேட்பார். கோர்ட்டில் மல்லுக்கட்டும் பங்காளிகள்கூட ஒருவரையொருவர் அழைத்துக் கேட்டுக்கொண்டு, மறுநாள் வழக்கம்போல் மல்லுக்கட்டுவார்கள்.

பன்னாவின் கணவர் தீரேன் வோரா இந்த வீட்டில் இருந்தவரை இன்றைக்குக் காலை முழுக்கக் கூடத்து ஊஞ்சல் அவருக்குத்தான். வங்கி மேலாளரில் தொடங்கி முடிவெட்டுகிறவர் வரை ஒருவரை விடாமல் அழைப்பார். அவரைத் தேடி வருகிறவர்கள் கழற்றிவிட்ட செருப்பில் வாசலே மறைந்துபோகும். சரியாக மூன்று மணிக்குப் போனை அணைத்துவிட்டுப் பன்னாவுக்குப் பக்கத்தில் விரிப்பைப் போட்டுப் பிராயச்சித்தப் பாராயணத்துக்கு உட்கார்ந்துவிடுவார்.

அந்த மனிதர்தான் இரண்டு வருஷத்துக்கு முன் நாலு நாள் துபாய்க் கண்காட்சி என்று ஒரு கைப்பெட்டியோடு போனார். அவர் திரும்பி வரவில்லை. அமலாக்கத் துறைதான் வந்தது.

வட்வாவில் அவருக்கு இருந்த சாயத் தொழிற்சாலையைக் காட்டி வாங்கிய வங்கிக் கடன்கள் தொழிற்சாலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதைப் பன்னா பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டாள். எதிர்வீட்டுக்காரர்களும் அதே பேப்பரைத்தான் வாங்குகிறார்கள். அன்றோடு வாசலில் செருப்புகள் நின்றுபோயின.

"மம்மி, மெசேஜ் ஏதாவது வந்துதா?" ஹேதல் கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டே கேட்டாள். பிசியோதெரபிஸ்ட். ஊரார் முதுகையும் முழங்காலையும் நிமிர்த்துகிற பெண், இந்த வீட்டில் மட்டும் எதையும் நிமிர்த்த முடியாமல் இரண்டு வருஷமாகத் திண்டாடுகிறாள்.

"வந்துதே. இன்சூரன்ஸ்காரன் மன்னிப்புக் கேட்டிருக்கான். ரத்தப் பரிசோதனைக்காரனும் கேட்டிருக்கான்."

"பரவாயில்லையே. கம்பெனிக்காவது மனசாட்சி இருக்கு." ஹேதல் சிரிக்கப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "அவர் கூப்பிடமாட்டார் மம்மி. போன வருஷமும் இப்படித்தான் போனைக் கையிலயே வெச்சிட்டு உக்காந்திருந்தீங்க."

"நான் யாருக்காகவும் உக்காரலை. நீ கிளம்பு, நேரமாச்சு."

ஹேதல் போனதும் வீடு இன்னும் பெரிதானது. உபவாச நாள் என்பதால் அடுக்களைக்குப் போகிற சாக்கும் இல்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஒரு வாய் குடித்துவிட்டுப் பன்னா ஊஞ்சலில் உட்கார்ந்தாள். அவளை ஆட்டிவிட யாரும் இல்லை. தன் காலால் தானே உந்தி ஆட அவளுக்கு மனம் வரவில்லை.

போன் அடித்தது. அவள் பாய்ந்து எடுத்தாள். வக்கீல் திரிவேதி.

"பன்னாபென், நாளைக்கு ஞாபகம் இருக்கில்ல? ஜட்ஜ் குடுத்த கெடு நாளையோட முடியுது. தீரேன்பாய் நேர்ல வந்து நின்னுட்டார்னா தப்பியோடினவங்க சட்டத்துல அமலாக்கத் துறை போட்ட மனு அங்கயே முடிஞ்சிடும். மத்த கேஸ் அது பாட்டுக்கு நடக்கும், அதை அப்புறம் பாத்துக்கலாம். வரலைன்னா, தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளின்னு அறிவிச்சிடுவாங்க. அப்புறம் அவர் பேர்ல இருக்கறது, அவருக்காக அடுத்தவங்க பேர்ல இருக்கறது, வெளிநாட்டுல இருக்கறது எல்லாத்தையும் சர்க்கார் எடுத்துக்கும்."

"இந்த வீடு என் பேர்ல இருக்கு வக்கீல் சாப். எங்கப்பா பாட்டண் ஊர்ல இருந்த கடைய வித்து எனக்கு வாங்கிக் குடுத்தது."

"நமக்குத் தெரியும். அவங்க சொல்றது, உங்க பேர் சும்மா பேருக்குன்னு. அதனாலதான் ஆட்சேபணை போட்டிருக்கோம். அவர் போன நாள்லேர்ந்து ஒரு வார்த்தை பேச்சு கிடையாதுன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நம்ம கட்சி நிக்கறதே அந்த ஒத்தை வரி மேலதான். அது ஆடிடக் கூடாது."

"ஆடாது. பேசினாத்தானே ஆடறதுக்கு."

திரிவேதி ஒரு நொடி தயங்கினார். "மிச்சாமி துக்கடம் பன்னாபென்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் ஜைனர்கூட இல்லை.

நண்பகலில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு ஹன்சாபென். இரண்டு வருஷமாக இந்தப் பக்கத்துக் காற்றுகூடத் தன் மேல் படாமல் பார்த்துக்கொண்டவள், இன்று கேட்டைத் திறந்துகொண்டு மாடியேறி வந்து கைகூப்பினாள்.

"மிச்சாமி துக்கடம் பன்னாபென். மனசுல எதையும் வெச்சுக்காதீங்க. காலைல தீரேன்பாய் எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசினார். அவ்வளவு பணிவாப் பேசினார். நீங்களும் சேர்ந்து கேட்டதாச் சொன்னார். எனக்குக் கேட்டதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு, அதான் நானே ஓடி வந்தேன்."

பன்னாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். தீரேன் பேசினார்.

"எப்போ பேசினார்?"

"எட்டு எட்டரை இருக்கும். கோயில் டிரஸ்டிக்குப் பேசினாராம். முடிவெட்டற பாபுவுக்குக்கூடப் பேசினாராம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்," என்றாள் பன்னா. அந்தப் பொய்க்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. ஹன்சாபென்னை அனுப்பிவிட்டு நேராகப் படியிறங்கினாள்.

கீழ்ப் பகுதியில் தீரேனின் தம்பி நிலேஷ் இருக்கிறான். மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பன்னாவைப் பார்த்ததுமே டீவியை அணைத்தான். அதிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"உங்களுக்கும் பேசினாரா, நிலேஷ்பாய்?"

"பாபி, உக்காருங்க முதல்ல. வெறும் வயித்தோட..."

"பேசினாரா?"

"பேசினார். உங்ககிட்ட சொல்ல வேணாம்னார். உங்க போனை ஒட்டுக்கேப்பாங்களாம், உங்க கேஸ் கெட்டுடுமாம். உங்க நல்லதுக்குத்தான் பாபி."

"என் நல்லதா? பாபுவோட போனை யாரும் ஒட்டுக்கேக்க மாட்டாங்களா?"

நிலேஷ் டீவி ரிமோட்டைத் திருப்பி அதன் மூடியைக் கழற்றி மாட்டினான்.

"என்னைப் பத்தி என்ன கேட்டார்?"

அவன் மனசுக்குள் நல்ல பொய்யாக ஒன்றைத் தேடினான். இந்த வீட்டில் பொய்ச் சாமர்த்தியம் முழுவதையும் அண்ணனே வாங்கிக்கொண்டு போய்விட்டார் போல. தம்பிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"கோர்ட்டுத் தேதி நாளைக்குத்தானான்னு கேட்டார்," என்றான்.

பன்னா மேலே வந்தாள். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது வரவில்லை. ஊரெல்லாம் ஒரு விருந்துக்குப் போய்வந்த பிறகு, தனக்கு மட்டும் சொல்லவில்லை என்று தெரிகிற வெட்கம்தான் வந்தது. முப்பது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவளுக்கு முடிவெட்டுகிறவருக்குப் பின்னால்கூட இடமில்லை.

இரண்டரைக்குக் கனுபாய் வந்தார். தொழிற்சாலைக்கு அமிலப் பீப்பாய்கள் கடனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். தீரேன் கிளம்பிப் போன பிறகு சொந்தக் கிடங்கை மூடிவிட்டு, இப்போது இன்னொருவர் கிடங்கில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். பழைய நாளில் வாசலிலிருந்தே 'டீ போடுங்க பென்' என்று குரல் கொடுப்பார். இன்று உட்காரவே மறுத்துவிட்டார்.

"சும்மா வரலை பன்னாபென். இதைக் கேளுங்க." போனை நீட்டினார். "காலைல உங்க வீட்டுக்காரர் பேசினது. என் போன்ல எல்லாப் பேச்சும் தானாப் பதிவாகும். அவர்கிட்ட ஏமாந்த அப்புறம் வந்த பழக்கம்."

அவர் விரலால் ஒரு தட்டு தட்டினார்.

'கனுபாய், தீரேன் பேசறேன். மிச்சாமி துக்கடம். நான், பன்னா, ஹேதல், எங்க எல்லார் சார்புலயும், கை கூப்பிக் கேக்கறேன். பன்னா உங்ககிட்டத் தனியாச் சொல்லச் சொன்னா.'

அவருடைய குரலேதான். கொஞ்சம் சளி பிடித்திருந்தது. வாக்கியத்தை முடிக்கும் முன் மூச்சை இழுத்துக்கொள்கிற அந்தப் பழைய வழக்கமும் அப்படியே இருந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு புருஷன் குரலைக் கடன் கொடுத்தவர் கையிலிருந்து கேட்கிறாள்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள்.

கனுபாய் கத்துவதற்குத்தான் வந்திருந்தார். அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு மறுபடி போட்டார். பன்னா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டாவது முறைதான் வார்த்தைகள் புரிந்தன.

"நான் சொல்லச் சொல்லலை கனுபாய்."

"கோர்ட்டுல பேச்சே கிடையாதுன்னு சத்தியம். இங்க பன்னா சொன்னான்னு அவரே சொல்றார். எதை நம்பறது?"

"அது சும்மா சொல்றது. குடும்பத்தோட சேர்த்துக் கேக்கறது எல்லார் வீட்லயும் வழக்கம்தானே. வருஷா வருஷம் இதே மாதிரிதான் சொல்லுவார். என்னைக் கேட்டுக்கிட்டா சொன்னார் எப்பவாவது?"

"வழக்கம்னு எனக்குத் தெரியும். நானும் ஜைனன்தான். ஜட்ஜுக்குத் தெரியுமா?" கனுபாய் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "நாளைக்குக் காலைல இதை அமலாக்கத் துறை வக்கீல்கிட்ட குடுக்கப் போறேன். முதுகுக்குப் பின்னால குடுக்க வேணாம்னு, மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். இந்த வீடும் ஏலத்துக்குப் போனாத்தான் எங்கள மாதிரி ஆளுக்கு ஏதாவது தேறும். எனக்கு உங்க மேல பகை இல்லை."

"எனக்கும் இல்லை," என்றாள் பன்னா. அது உண்மைதான். பகை வைத்துக்கொள்ளவும் பக்கத்தில் நாலு பேர் வேண்டியிருக்கிறது.

மூன்று மணி ஆனது. போன வருஷம் பாராயணத்துக்குச் சபைக்குத்தான் போனாள். அவள் விரிப்பைச் சுற்றி மட்டும் பெண்கள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அத்தனை நெரிசலிலும் அந்த இடம் காலியாகவே இருந்தது. அதனால் இந்த வருஷம் வீட்டோடு இருந்துவிட்டாள்.

விளக்கையும் விசிறியையும் அணைத்தாள். கம்பளி விரிப்பைப் போட்டு, வாய்த்துணியைக் கையில் எடுத்து, விரதத்தை ஏற்றுக்கொண்டாள். இனி முடிகிறவரை மின்சாரத்தைத் தொடக் கூடாது. போன் ஊஞ்சல் பலகையில் குப்புறக் கிடந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம்தான்.

புத்தகத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டே போனாள். மண்ணில் வாழும் உயிர், நீரில் வாழும் உயிர், நெருப்பில், காற்றில், மரம் செடியில் வாழும் உயிர். எண்பத்து நான்கு லட்சம் உயிர்வகைகளிடமும் மன்னிப்புக் கேட்கும் இடம் வந்தது.

அப்போதுதான் போன் அடித்தது.

ஒரு முறை அடித்தது. இரண்டாம் முறை அடித்தது. மூன்றாம் முறையும் அடித்துவிட்டு நின்றுவிட்டது.

பன்னாவின் குரலும் நின்றது. மூன்று முறை அடித்து நிறுத்துகிறவர் உலகத்தில் ஒருவர்தான். தினமும் மாலையில் வட்வாவிலிருந்து புறப்படும்போது இப்படித்தான் அடிப்பார். எடுக்கக் கூடாது. நான் கிளம்பிவிட்டேன், தவாவை அடுப்பில் போடு என்று அர்த்தம். அவர் உள்ளே நுழையவும் ரொட்டி உப்பவும் சரியாக இருக்கும்.

கை தானாக நீண்டது. பாதியில் அவளே அதை இழுத்துக்கொண்டாள். போன் மறுபடி அடிக்குமா என்று காத்திருந்தாள். அது அடிக்கவில்லை.

இந்த நேரத்தில் அவள் விரிப்பில் உட்கார்ந்திருப்பாள், செத்தாலும் போனைத் தொடமாட்டாள் என்பது அவருக்குத் தெரியாதா? பக்கத்து விரிப்பில் எத்தனை வருஷம் உட்கார்ந்த மனிதர். தெரிந்துதான் அடித்திருக்கிறார். பாபுவுக்கு வார்த்தை, பெண்டாட்டிக்கு மணிச் சத்தம். 'கூப்பிட்டேனே, நீதான் எடுக்கலை' என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் இல்லையா? எங்கிருந்து கிளம்பினாராம்? கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொண்டு தவா போடச் சொல்கிறாரா?

அவள் அழுதாள். பிறகு விட்ட இடத்திலிருந்து எடுத்துப் படித்தாள். எண்பத்து நான்கு லட்சத்திடமும் கேட்டு முடித்தாள். மனுஷப் பிறவி என்று வந்த இடத்தில் மட்டும் நாக்கு கொஞ்சம் இடறியது.

அவள் விரிப்பைச் சுருட்டும்போது வெளிச்சம் மங்கியிருந்தது. ஹேதல் வந்துவிட்டாள். அவள்தான் படியில் பிடித்து இழுத்து வந்தாளோ என்னவோ, பின்னாலேயே நிலேஷும் வந்து நின்றான். பன்னா போனை நிமிர்த்தினாள். எடுக்காத அழைப்பு ஒன்று, பேர் இல்லாத எண். அதைப் படிக்கக்கூடப் பிடிக்காமல் மடியில் கவிழ்த்துக்கொண்டு, நாள் முழுக்க நடந்ததைச் சொன்னாள்.

"அழிச்சிடுங்க பாபி," என்றான் நிலேஷ். "இப்பவே அழிச்சிடுங்க. கனுபாய் கையில ஒண்ணு இருக்கு, உங்க போன்ல ஒண்ணு இருந்தா வீடு போச்சு. பேச்சே இல்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"பேசலையே. அடிச்சார், நின்னுது."

"அதை யார் நம்புவாங்க?"

"மம்மி," ஹேதல் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். "வீடு போனாப் போகட்டும், ரெண்டு பேருக்கு ஒரு ரூம் போதும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இன்னைக்கு அவரை மன்னிச்சிட்டீங்களா?"

பன்னா யோசித்தாள்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டிருக்கார் பேட்டா. என்கிட்ட இன்னும் கேக்கலையே. கேக்காததை எப்படிக் குடுக்கறது?"

அவள் எழுந்து கனுபாயின் எண்ணைத் தேடி அழுத்தினாள். நிலேஷ் தடுக்க வந்தான். ஹேதல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கனுபாய், பன்னா பேசறேன். மிச்சாமி துக்கடம்."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"இது என் சார்புல மட்டும். யாரையும் சேத்துக்கலை. உங்க பீப்பாய் வந்த நாளெல்லாம் உங்களுக்கு டீ போட்டேன், பணம் வந்துதான்னு ஒரு நாளும் கேட்டதில்லை. அதுக்காகக் கேக்கறேன்."

கனுபாய் செருமினார். "மிச்சாமி துக்கடம் பென்," என்றார்.

"இன்னும் ஒண்ணு. மத்தியானம் அவர் என் போனுக்கு அடிச்சார், நான் எடுக்கலை. நாளைக்கு நானே கோர்ட்டுல சொல்லிடப் போறேன். உங்ககிட்ட இருக்கற பேச்சோட இந்த நம்பரையும் சேத்துக் குடுங்க. அப்ப நான் எதையும் மறைக்கலைன்னு நீங்களும் சாட்சி. எழுதிக்கறீங்களா?"

"சொல்லுங்க."

பன்னா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போனை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். "கூட்டல். ஒன்பது. ஒண்ணு."

அதோடு நின்றுவிட்டாள்.

"மேல சொல்லுங்க," என்றார் கனுபாய். பிறகு அவரும் நிறுத்தினார். "என்ன பென், ஒன்பது ஒண்ணா? எனக்குக் காலைல வந்தது வெளிநாட்டு நம்பராச்சே. இது நம்ம தேசத்து நம்பர்."

ஹேதல் எழுந்து நின்றாள். நிலேஷின் முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்கும் இது புதுச் செய்தி என்பது அதிலேயே தெரிந்தது.

நேரில் வந்து நின்றால் மனு முடிந்துவிடும் என்று திரிவேதி சொன்னார். நாளைக்குத்தானா என்று தீரேன் தம்பியிடம் தேதி கேட்டார். மூன்று முறை அடித்தார். கேலி என்றும் சாக்கு என்றும் நினைத்தாளே, மனிதர் நிஜமாகவே கிளம்பித்தான் வருகிறாரா? இல்லை, இத்தனை பக்கத்தில் வந்து எங்கேயோ ஒளிந்துகொண்டு, பழக்க தோஷத்தில் அடித்தாரா? கடல் தாண்டி இருந்தவரை அவளுக்குக் குறை சொல்லத் தூரமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

"பென், இருக்கீங்களா?" என்றார் கனுபாய்.

"மம்மி, வேணாம். இந்த நம்பரை வெச்சே அவரைப் பிடிச்சிடுவாங்க," என்றாள் ஹேதல்.

பன்னா மிச்ச எண்களையும் ஒவ்வொன்றாக, தெளிவாகச் சொன்னாள். கனுபாய் எழுதி முடித்துத் திருப்பிப் படித்தார். சரிதான் என்றாள்.

போனை ஊஞ்சலில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். சூரியன் இறங்கியாயிற்று. விடிகிறவரை இந்த வீட்டில் யாரும் எதையும் வாயில் வைக்கப் போவதில்லை. இருந்தாலும் அவள் கை மேல் தட்டில் துழாவித் தவாவை எடுத்தது. அடுப்பைப் பற்றவைக்காமல் தவாவை அதன் மேல் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.